துணைக்குப் போன தையல் டீச்சர்

இந்த எடத்துல ஆள் வருதாக்கா? வரலையா. நீங்க அப்படியே ஜன்னல் பக்கமே இருங்க, நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கிறேன். காலையில ஒண்ணும் சாப்பிடல. சாப்பிட்டா உள்ள நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு நேத்து இல்ல, ஒரு வாரமா இப்படித்தான்.

நீங்க எங்க எறங்கணும்? பெரியாஸ்பத்திரியா. நான் அதுக்கு அடுத்த ஸ்டாப்பு, கலெக்டர் ஆபீஸ். முக்கா மணி நேரம் இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க, முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்டதான் இதைச் சொல்ல முடியும். தெரிஞ்சவங்க எல்லாரும் எனக்குப் புத்தி சொல்லியே என்னைக் கொன்னுட்டாங்க.

மொதல்ல முன்னாடி பாருங்க. பட்டுன்னு பாக்காதீங்க, சும்மா ரோட்டைப் பாக்குற மாதிரி பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுல்ல, பச்சை சுடிதார், ரெட்டை ஜடை. அது முனீஸ்வரி. எங்க ஸ்கூல்ல ஒம்பதாவது படிக்குது. பக்கத்துல ஊதாச் சேலை அவ அம்மா வேலுத்தாயி, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. நாங்க மூணு பேரும் ஒரே ஸ்டாப்புல ஏறி ஒரே எடத்துக்குத்தான் போறோம். பதினோரு மணிக்கு அங்க விசாரணை. எங்க பி.டி. மாஸ்டர் அந்தப் புள்ளகிட்டத் தப்பா நடந்துக்கிட்டாரு. அதுல நான் சாட்சி. அந்தப் புள்ள சொல்றது நெசமா பொய்யாங்கிறது, நான் போயி என்ன சொல்றேன்ங்கிறதுலதான் நிக்குது.

நான் பாக்கவே இல்லக்கா. அங்க இருக்கவே இல்ல. ஆனா இருந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.

நான் தையல் டீச்சர். குணசுந்தரின்னு பேரு. பகுதிநேரம். வாரத்துல மூணு நாளு, அதுவும் அரை அரை நாளு. இந்த வருஷம் நிரந்தரம் பண்ணுவாங்க, அடுத்த வருஷம் நிரந்தரம் பண்ணுவாங்கன்னு பன்னெண்டு வருஷம் ஓடிப் போச்சு. ஸ்கூல்ல எந்த வேலையை யாரும் செய்ய மாட்டாங்களோ அது என் தலையில வந்து விழும். ஆண்டு விழாவுக்கு டான்ஸ் ட்ரெஸ் தைக்கணுமா, குணசுந்தரி. பெரிய அதிகாரி வர்றாங்க, வாசல்ல கோலம் போடணுமா, குணசுந்தரி. மாட்டேன்னு சொல்ல முடியுமா? நிரந்தரம் பண்றப்ப ஹெச்.எம். ஒரு வரி நல்லதா எழுதணுமே.

பொம்பளப் புள்ளைக டீம் வெளியூருக்கு மேட்சுக்குப் போச்சுன்னா கூட ஒரு லேடி டீச்சர் போகணும்க்கா. ரூலு. லெட்டர்லயே எழுதணும், துணை ஆசிரியை திருமதி இன்னார்னு. பெத்தவங்க கையெழுத்துப் போடுற தாள்லயும் அந்தப் பேரு இருக்கும். அதைப் பாத்துத்தான் அனுப்புவாங்க. எங்க ஸ்கூல்ல நிரந்தர டீச்சருங்க ஆறு பேரு. சயின்ஸ் டீச்சருக்கு முட்டி வலி. இங்கிலீஷ் டீச்சருக்கு மாமியாரு படுக்கையில, நாலு வருஷமா அதே படுக்கை. கணக்கு டீச்சர் ஒளிவு மறைவே இல்லாம, 'எங்க வீட்ல விடமாட்டாங்க சார்'னு ஹெச்.எம். மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. அப்புறம் யாரு? குணசுந்தரி.

மொத வருஷம் போனேன்க்கா. பொய் சொல்லல, நெசமாவே போனேன். கோ-கோ டீமு, பன்னெண்டு புள்ளைக. ஒரு ஸ்கூல்ல க்ளாஸ்ரூம்ல தங்க வச்சாங்க, பெஞ்சை ஒதுக்கிட்டுக் கீழ படுக்கணும். கொசு பிடுங்கி எடுத்துருச்சு. கக்கூஸ்ல தண்ணி கெடையாது, பக்கத்துத் தெருவுல இருந்து வாளியில தூக்கணும். அங்க வச்சு ஒரு புள்ள வயசுக்கு வேற வந்துருச்சு, அழுவுது, என் பழைய சேலையைக் கிழிச்சு நான்தான் குடுத்தேன். ராத்திரி முழுக்க அந்தப் புள்ள என் கையை விடல. இதெல்லாம் செஞ்சிருக்கேன்க்கா, இதை யாரும் எழுதி வைக்கல. திரும்பி வந்தா எங்க வீட்டுக்காரரு மூணு நாள் பேசல. 'புள்ள பெத்தவளுகளுக்கு இல்லாத அக்கறை ஒனக்கு என்னடி'ன்னு கேட்டாரு.

அடுத்த வருஷம் பி.டி. மாஸ்டர் அவராவே வந்தாரு. தவசிலிங்கம்னு பேரு. 'டீச்சர், நீங்க எதுக்குக் கெடந்து கஷ்டப்படுறீங்க. கையெழுத்தை மட்டும் போட்டுட்டு வீட்ல இருங்க. புள்ளைகளை நான் பாத்துக்கிறேன்'னு சொன்னாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்த ஸ்கூல்ல என் கஷ்டம் தெரிஞ்ச ஒரே மனுஷன்னு நெனச்சேன். ஊர்லயும் அவருக்கு அப்படிப் பேரு. இல்லாத புள்ளைகளுக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கிக் குடுப்பாரு. பிராக்டீஸ் முடிஞ்சா வண்டியில வீட்ல கொண்டு போயி விடுவாரு. அவங்க வீட்ல உக்காந்து சோறு திம்பாரு. எங்க வீட்டுக்காரரே, 'வாத்தியாருன்னா அப்படி இருக்கணும்'னு சொல்வாரு.

அதுல ஒரு சிக்கல் என்னன்னா, பெத்தவங்க பஸ் ஏத்தி விட வருவாங்கல்ல. லேடி டீச்சர் இல்லேன்னா விடமாட்டாங்க. அதுக்கு நாங்க ஒரு வழி வச்சிருந்தோம். நானும் பையைத் தூக்கிக்கிட்டு வந்து ஊர் ஸ்டாப்புல புள்ளைகளோட பஸ் ஏறிருவேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்ட் வந்ததும் அவங்க மதுரை பஸ் ஏறுவாங்க, நான் என் சோலியைப் பாத்துப் போயிருவேன். மூணு நாளு ஓ.டி., வெளியூர் டூட்டின்னு கணக்கு, ஸ்கூலுக்கும் போக வேணாம். எங்க ஸ்கூல்ல மட்டும் இல்லக்கா, எத்தனையோ எடத்துல இப்படித்தான். நான் கண்டுபிடிச்ச வழின்னு நெனச்சிராதீங்க.

இந்தத் தடவை திண்டுக்கல்லு பக்கம் மேட்சு. அன்னைக்கு இந்த வேலுத்தாயி வேலைக்குப் போகாம வந்து நின்னுச்சு. புளியோதரை ஒரு டப்பாவுல கட்டி என் கையிலயே குடுத்துச்சு, 'டீச்சர், இதுதான் மொதத் தடவை வெளிய அனுப்புறேன். ஒங்க பேரு இருந்துச்சுன்னுதான் கையெழுத்துப் போட்டேன், பாத்துக்கோங்க'ன்னு சொல்லுச்சு. நான் என்ன சொல்றது, சரிம்மான்னேன். சாத்தூர்ல எறங்கி நான் ராஜபாளையம் பஸ் பக்கம் நடக்குறேன், முனீஸ்வரி மட்டும் ஓடி வருது. 'டீச்சர், எங்க போறீங்க?' பின்னாடி பஸ்ல வரேன்னு சொன்னேன். வாயில வந்ததைச் சொன்னேன். அது நம்பிருச்சுக்கா. அங்க போயி எனக்கும் சேத்து எடம் பிடிச்சுப் பாய் விரிச்சு வச்சிருந்திருக்கு. மத்த புள்ளைக பெரிய புள்ளைக, போன வருஷமே பாத்ததுக. டீச்சர் வரமாட்டாங்கடின்னு சொல்லிச் சிரிச்சிருக்குதுக. இவ புதுசு.

எங்க தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. நான் போகாம இருக்க முடியுமா சொல்லுங்க.

ரெண்டாவது நாளு மத்தியானம் நடந்துருக்கு. செமி பைனல் ஜெயிச்சுட்டாங்க. முனீஸ்வரிக்குத் தொடையில பிடிச்சுக்கிச்சு. உக்காந்து உக்காந்து எந்திரிச்சு ஓடுற ஆட்டம்ல, அப்படிப் பிடிக்கும். சாரு மத்த புள்ளைகளைச் சாப்பிட அனுப்பிட்டு, 'நீ இரு, தைலம் தேச்சு விடுறேன், சாயங்காலம் பைனல் ஆடணும்ல'ன்னு சொல்லி அவங்க தங்கியிருந்த க்ளாஸ்ரூம் கதவைச் சாத்திட்டாரு. 'நானே தேச்சுக்கிறேன் சார்'னு சொல்லியிருக்கா. ரெண்டு தடவை சொல்லியிருக்கா. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்க்கா, அந்தப் புள்ள அங்க நிக்குது. முடிஞ்சு கதவைத் தெறந்தப்ப, 'அம்மாகிட்ட சொல்லாத, டீமை விட்டு எடுத்துருவாங்க'ன்னு சொன்னாராம். சாயங்காலம் பைனல் ஆடியிருக்கா. ஆடி, ரெண்டாவது பரிசு.

அந்த நேரத்துல நான் சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக்குள்ள போறேன். வீடியோவுல இருக்கு. பட்டுச்சேலை கட்டி, சிரிச்சுக்கிட்டுப் போறேன். தங்கச்சி அதை எனக்குப் போன்ல அனுப்பி விட்டிருக்கா. ஒரு மாசமா அதை அழிக்கணும் அழிக்கணும்னு நெனைக்கிறேன், எடுத்துப் பாத்துட்டு அப்படியே வச்சிர்றேன்.

திங்கக்கெழமை தையல் க்ளாசுக்கு வந்தா. 'டீச்சர், பின்னாடி பஸ்ல வரேன்னு சொன்னீங்கல்ல'ன்னு கேட்டா. ஒடம்பு சரியில்லம்மான்னு சொன்னேன். போகாம என் மேசைக்கிட்டயே நின்னா. எனக்கு ஆண்டு விழாவுக்கு நாப்பது பாவாடை நிக்குது, நாடா கோக்கல, ஒண்ணும் ஆகல. போயி மெஷின்ல உக்காருடின்னு சொன்னேன். போயி உக்காந்தா. தைச்சதைப் பாத்தா ஒரே கோணல். இவ கை நல்ல கைக்கா, நேர்கோடு தப்பாது. 'கண்ணு எங்கடி இருக்கு, ஒரு பரிசு வாங்கினதும் தலைக்கனம் வந்துருச்சா'ன்னு வஞ்சேன். பிரிச்சுட்டு மறுபடி தைக்கச் சொன்னேன். அவ ஒரு வார்த்தை வாயைத் தெறந்து சொல்லியிருந்தா நான் அன்னைக்கே ஏதாவது செஞ்சிருப்பேன். சொல்லாம நின்னா எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் பிராக்டீசுக்குப் போக மாட்டேன்னுட்டா. வேலுத்தாயி காரணம் கேட்டு அடிச்சிருக்கு. சாரு கேன்வாஸ் வாங்கிக் குடுத்து ஆட வைக்கிறாரு, ஒனக்குக் கொழுப்பான்னு விளக்குமாத்தால அடிச்சிருக்கு. அந்த அடியிலதான் எல்லாத்தையும் சொல்லியிருக்கா. அந்த வேலுத்தாயி படிக்காததுதான், ஆனா யாருகிட்டயும் போயி யோசனை கேக்கல. அன்னைக்கே பத்து ஒம்பது எட்டு, அந்தக் கொழந்தைக ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டுருச்சு. மறுநாள் ரெண்டு பேரு ஸ்கூலுக்கு வந்துட்டாங்க. மொதல்ல கேட்ட கேள்வியே, கூடப் போன லேடி டீச்சர் யாரு.

ஹெச்.எம். என்னை ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாரு. தாள் ரெடியா இருக்கு. 'மேற்படி மூன்று நாட்களும் மாணவிகளுடன் உடனிருந்தேன். அசம்பாவிதம் எதுவும் நடைபெறவில்லை.' இதுல கையெழுத்துப் போடுங்கன்னாரு. சார் நான் போகலையே சார், ஒங்களுக்கே தெரியுமேன்னேன். 'போகலேன்னு எழுதினா நாலு வருஷத்து ஓ.டி.யும் பொய்யின்னு ஆகும் டீச்சர். ஒங்களுக்கு நிரந்தரம் கெடையாது, இருக்குற வேலையும் கெடையாது. நானும் ரிட்டயர்டு ஆக எட்டு மாசம் இருக்கு, என் பென்ஷன் போயிரும். டீம் ஜெயிச்சதும் செல்லாது, பன்னெண்டு புள்ளைக சர்டிபிகேட்டும் செல்லாது. யோசிச்சுக்கோங்க'ன்னாரு. நான் போட்டுட்டேன். மொத வரிக்குத்தான் கையெழுத்துப் போடுறோம்னு நெனச்சேன்க்கா. ரெண்டாவது வரியும் அதே தாள்லதான் இருந்துச்சு.

மத்த புள்ளைக பதினோரு பேத்துகிட்டயும் சொல்லிட்டாங்க, தையல் டீச்சர் வந்தாங்கன்னு சொல்லணும், இல்லேன்னா சர்டிபிகேட் போயிரும்னு. அதுக சொல்லிருச்சுக. பாக்கி இந்த முனீஸ்வரி ஒருத்திதான்.

நான் அவ வீட்டுக்குப் போனேன். வேலுத்தாயி வேலைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் போனேன். தனியா உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா, என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. ஒரு பாக்கெட் பிஸ்கட் கொண்டு போயிருந்தேன். நான் ஒண்ணும் மெரட்டலக்கா. அழுதேன். நெசமாவே அழுகை வந்துருச்சு. 'கண்ணு, சாரு பண்ணுனதை நீ சொல்லு, நான் வேணாங்கல. நான் வரலேன்னு மட்டும் சொல்லிராத. பன்னெண்டு வருஷம்டா. எனக்கு ஒரு பையன் இருக்கான், காலேஜுல சேக்கணும். அம்மாகிட்டயும் சொல்லாத கண்ணு, என் வேலை போயிரும்'னு சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே நின்னா. அப்புறம், 'நீங்க அழுவாதீங்க டீச்சர்'னு சொல்லி ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. நல்ல புள்ள. சொன்னா புரிஞ்சுக்கும்.

நான் நெனச்சது என்னன்னா, இது ரெண்டும் வேற வேற விஷயம். சாரு பண்ணுனது ஒண்ணு, நான் போகாதது ஒண்ணு. இதைச் சொல்லாம அதைச் சொல்லலாம்ல. நீங்க சொல்லுங்க, அப்படித்தான நெனப்பீங்க?

மொத விசாரணை ஸ்கூல்லயே நடந்துச்சு. ஒரு ஆபீசரம்மா, ஒரு வக்கீலு, இன்னொருத்தரு. என்னையக் கூப்பிட்டாங்க, தாள்ல இருந்ததைச் சொல்லிட்டு வெளிய வந்து வராண்டாவுல நின்னேன். உள்ள அவளைக் கேக்குறது எனக்குக் கேக்குது. லேடி டீச்சர் இருந்தாங்களான்னு கேட்டாங்க. இருந்தாங்கன்னு சொன்னா. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. அப்புறம் கேக்குறாங்க, அப்ப டீச்சர் எங்கம்மா இருந்தாங்க? சாப்பிடப் போயிருந்தாங்க. திரும்பி வந்தாங்கல்ல? வந்தாங்க. அவங்ககிட்ட சொன்னியா? சொல்லல. ஏன் சொல்லல? ரெண்டு நாளு பக்கத்துல படுத்திருந்த டீச்சர்கிட்ட ஏன்மா சொல்லலேன்னு மறுபடி கேக்குறாங்க. அந்த ஆபீசரம்மா நல்லவங்கதான், கோவமா கேக்கல, பொறுமையாத்தான் கேட்டாங்க. அவகிட்ட பதிலே இல்ல. எப்படி இருக்கும்? நான் உள்ள போயிருக்கணும். வராண்டாவுல ஒரு நோட்டீஸ் போர்டு இருந்துச்சு, மதிய உணவு அட்டவணை. அதைப் படிச்சுக்கிட்டே நின்னேன்.

அவ்வளவுதான், அதை வச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. சாரைப் போலீஸ்ல பிடிச்சு உள்ள வச்சிருந்தாங்க, அவரு வக்கீலு போயி, பெண் ஆசிரியை மூணு நாளும் கூடவே இருந்திருக்காங்க, ஒண்ணும் நடக்கலேன்னு அவங்களே எழுதிக் குடுத்துருக்காங்க, புள்ள டீச்சர்கிட்டக்கூடச் சொல்லலேன்னு பேசி ஜாமீன் வாங்கிட்டாரு. வந்தன்னைக்கு ஊர்ல மாலை போட்டாங்கக்கா. டீக்கடையில என்ன பேசுறாங்கன்னா, பைனல்ல சரியா ஆடலேன்னு சாரு வஞ்சாராம், அந்தக் கோவத்துல அந்தப் புள்ள கதை கட்டுதாம். எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்றாரு. நான் அங்க இல்லேன்னு அவருக்குத் தெரியும். காதுகுத்துல என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவரு. ஆனா அவரும் அதைத்தான் சொல்றாரு.

போன வாரம் வேலுத்தாயி ஸ்கூல் கேட்டுல வச்சு என்னையப் பிடிச்சுக்கிச்சு. நூறு பேரு பாக்குறாங்க. 'நீ ஒரு பொம்பளதான? எம் மகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டே விட்டியேடி. என்னத்தடி பாத்துக்கிட்டு இருந்த'ன்னு கேட்டுச்சு. காறித் துப்புச்சு, இந்தா, இங்க, சேலையில. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சுக்கா. நான் அப்படிப்பட்டவளா? நான் அங்க இருந்திருந்தா அந்தாளை அந்த ரூமுப் பக்கம் விட்டிருப்பனா? தைலத்தை நான் தேச்சு விட்டிருப்பேன். கதவுக்கிட்ட நான் உக்காந்திருப்பேன். ஆனா இதை அதுகிட்ட சொல்ல முடியுமா? சொல்லணும்னா நான் இல்லேன்னு சொல்லணும். அந்தப் புள்ள பக்கத்துல நின்னுக்கிட்டு, 'அம்மா, டீச்சரை விடும்மா, வாம்மா'ன்னு இழுக்குது. அதுக்கு எல்லாம் தெரியும். பெத்த தாய்கிட்ட இன்னும் சொல்லலக்கா. நான் கேட்டுக்கிட்டேன்னு எனக்காகச் சொல்லாம வச்சிருக்கு.

அதுல இருந்துதான் சாப்பாடு எறங்கல. நைட்டும் தூக்கம் இல்ல. ஹெச்.எம். நேத்து சாயங்காலம் வீட்டுக்கே வந்து, பழசையே சொல்லிருங்க டீச்சர், இதோட முடிஞ்சுருதுன்னு சொல்லிட்டுப் போறாரு. முடிஞ்சுரும்க்கா. சாரு திரும்ப வேலைக்கு வந்துருவாரு. மறுபடி டீம் எடுப்பாரு. மறுபடி லெட்டர்ல என் பேரைத்தான் போடுவாங்க. இவளுக்கு டி.சி. குடுத்துருவாங்க, அதுவும் பேசி வச்சாச்சு. அப்புறம் எங்க படிக்கிறது, தீப்பெட்டி ஆபீஸ்லதான் போயி உக்காரும். பொய் சொன்ன புள்ளைன்னு பேரு வேற. சாகுற வரைக்கும் அந்தப் பேரோட அந்த ஊர்லயே இருக்கணும்.

சொன்னா என் பொழப்பு போச்சு. சொல்லலேன்னா அவ போச்சு. இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு, யாருகிட்ட கேட்டாலும் சொல்லுன்னுதான் சொல்வாங்க. நீங்களும் அதைத்தான் சொல்லப் போறீங்க, எனக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும்க்கா. தெரிஞ்சுதான் போன தடவையும் போனேன். வாசப்படி ஏறுற வரைக்கும் சொல்லிரணும்னுதான் போனேன். உள்ள போயி உக்காந்ததும் வாயி தன்னால இருந்தேன்னு சொல்லிருச்சு.

சும்மா இருங்க. வருது. இங்கதான் வருது.

என்னம்மா முனீஸ்வரி. ம். ம். இல்லம்மா, நான் ஒண்ணும் அழுவல, காத்து அடிக்குது. சரி. சரிம்மா. போ, அம்மா பாக்குது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துப் போ.

கேட்டுச்சாக்கா உங்களுக்கு? பஸ் சத்தத்துல கேட்டிருக்காது. என்ன சொல்லுது தெரியுமா? 'டீச்சர், பயப்படாதீங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரியே நீங்க சாப்பிடப் போயிட்டீங்கன்னு சொல்லிர்றேன். நீங்களும் அதையே சொல்லுங்க டீச்சர். நான் மாத்திச் சொல்லிட்டேன்னா என்னைய நம்ப மாட்டாங்க'ன்னு சொல்லுது. பதினாலு வயசு. எனக்குத் தைரியம் சொல்ல, ஆடுற பஸ்ல அம்புட்டுக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்துட்டுப் போகுது.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லவா? உங்ககிட்ட மறைக்க மாட்டேன். நிம்மதி வந்துச்சுக்கா. அப்பாடான்னு இருந்துச்சு. இம்புட்டு நேரம் உங்ககிட்ட உக்காந்து இதெல்லாம் பேசிட்டு, அவ வாயில இருந்து அது வந்ததும் என் நெஞ்சு அப்படியே எறங்கிருச்சு. நான் எப்படிப்பட்டவள்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. இப்படியே போனேன்னா இன்னைக்கும் இருந்தேன்னுதான் சொல்லிட்டு வருவேன்.

என்கூட வர்றீங்களாக்கா? அடுத்த ஸ்டாப்புதான். உள்ள வர வேணாம், வாசல்ல நின்னா போதும். நீங்க வெளிய நிக்கிறீங்க, உங்களுக்கு எல்லாம் தெரியும்னு இருந்தா எனக்கு மாத்திச் சொல்ல வாயி வராது. பத்தே நிமிஷம். ஆமா, ஆஸ்பத்திரியில ஆளு காத்துக்கிட்டு இருக்குல்ல. சாப்பாட்டுக் கூடையை வச்சுக்கிட்டு நீங்க எப்படி வருவீங்க. நான் கேட்டிருக்கக் கூடாது. பரவாயில்லக்கா.

உங்க ஸ்டாப்பு வந்துருச்சு. இருங்க, நான் எந்திரிச்சு வழி விடுறேன். ஒரே ஒரு ஒதவி. முன்வாசல் வழியாவே எறங்குங்க. எறங்குறப்ப அந்த ஊதாச் சேலைகிட்ட, பின்னாடி சீட்டு காலியா இருக்கு, போயி உக்காருங்கன்னு சொல்லிட்டுப் போங்க. நான் கூப்பிட்டா வராது, என் மூஞ்சியைப் பாக்காது. என் பக்கத்துலன்னு சொல்லிராதீங்க, வந்து பாத்துக்கட்டும். உக்காந்ததும் சொல்லிருவேன், நான் அன்னைக்கு அங்க வரவே இல்லம்மா, சாத்தூர்லயே எறங்கிட்டேன்னு. அதுக்குத் தெரிஞ்சுருச்சுன்னா அப்புறம் நான் உள்ள போயி என்ன சொன்னாலும் அது விடாது. அடிக்கட்டும், பஸ்ஸே பாக்கட்டும். என் ஸ்டாப்பு வந்தா என் வாயி மறுபடி மாறிரும்க்கா, சீக்கிரம் போயி சீட்டு இருக்குன்னு சொல்லுங்க.